கால்வாய்க் கேசட்

நெல் மூட்டை அறையில், வெளிச் சத்தம் விழாதபடி ஜமுக்காளத்தைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மடியில் ஒரு தலையணை. தலையணை மேல் குமரேசனின் கேமரா. அதன் பக்கவாட்டில் கதவு மாதிரித் திறக்கும் சின்னத் திரையில் எங்கள் கால்வாய் ஓடுகிறது. ஓடுகிறது என்றால் படம்தான் ஓடுகிறது. கால்வாயில் தண்ணீர் இல்லை.

பகல் இரண்டு மணி. கழுத்தில் வேர்வை வழிகிறது. கையில் இருக்கும் காகிதத்தில் தமிழ் எழுத்தில் மலையாளம் எழுதி வைத்திருக்கிறேன். என் கணவர் சிவராஜ் பக்கத்தில் குந்தியிருக்கிறார். படத்தில் இடம் மாறும்போதெல்லாம் அவர் என் முழங்காலைத் தட்ட வேண்டும். ஒரு தட்டு என்றால் அடுத்த வரி. இரண்டு தட்டு என்றால் நிறுத்து.

"இவிடெ வெள்ளம் எத்துந்நில்ல" என்று ஆரம்பித்தேன். இங்கே தண்ணீர் வந்து சேர்வதில்லை என்று அர்த்தம். வரி முடிவதற்குள் வெளியே புளிய மரத்தில் மயில் கத்தியது. அதுவும் சேர்ந்து பதிவாகிவிட்டது.

நிறுத்தி, டேப்பைப் பின்னால் ஓட்டி, மறுபடியும் முதலிலிருந்து. காலையிலிருந்து இது நான்காவது மயில்.

"அதையும் மலையாளத்துல கத்தச் சொல்லு அம்மணி. ஆபீசருக்கு வெளங்கட்டும்" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. என் கணவரின் அக்கா தங்கமணி. கணவரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கையா என்போம். "அப்பறம், வெள்ளமெல்லாம் வேண்டாம்னு சொல்லு. தண்ணி வந்தாப் போதும்."

கடைமடைக்காரர்கள்

இந்தத் தொடரைப் படிக்கும் வாசகி ஒருவர், "கேரளத்தில் இருந்துகொண்டு தண்ணீர் இல்லை என்று எழுதுகிறீர்களே, உங்களுக்கு மழைக்கு என்ன குறைச்சல்?" என்று கேட்டிருந்தார். அவருக்கு ஒரு பஸ் டிக்கெட் எடுத்து அனுப்பலாம் என்று இருக்கிறேன். பொள்ளாச்சியில் ஏறி, கொழிஞ்சாம்பாறையில் இறங்கி, எங்கள் வயல் வரை ஒரு நடை நடந்து பார்க்கட்டும். மேகம் எங்கள் தலைக்கு மேலேதான் போகும். இறங்கத்தான் இறங்காது.

எங்களுக்கு வாழ்வும் சாவும் கால்வாய்தான். அந்தக் கால்வாயின் கடைசியில் நாற்பது வீடுகள். நாங்கள் கடைமடைக்காரர்கள். மேல்மடைக்காரர்கள் குளித்து, குடித்து, பாய்ச்சி, மிச்சம் இருந்தால் எங்களுக்கு வரும்.

இந்தக் கேமராக் கதை நடந்த வருடம் மிச்சமும் வரவில்லை. இரண்டாம் போகத்துக்கு விட்ட நாற்று பழுத்துக்கொண்டிருந்தது. பத்து நாளுக்குள் தண்ணீர் வராவிட்டால் அவ்வளவுதான், மாட்டுக்கு அறுத்துப் போட வேண்டியது. மேலே சிலர் கால்வாய்க்குள் ஓஸ் குழாய் போட்டு மோட்டாரில் இழுக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். எஞ்சினியர் ஆபீசில் நடந்த கூட்டத்தில் எங்கள் ஆட்கள் எழுந்து தமிழில் சொன்னார்கள். மேல்மடைக்காரர்கள் எழுந்து படபடவென்று மலையாளத்தில் மறுத்தார்கள். கூட்டத்துக் குறிப்பில் "கடைசி வரை நீர் செல்கிறது" என்று ஏறிவிட்டது.

"நாம பேசுனா எழுத மாட்டீங்கறாங்க. படம் புடிச்சுக் காட்டுனா கண்ணெ மூடிக்குவாங்களா?" என்று கேட்டது நங்கையாதான். அடுத்த கூட்டம் வருகிற திங்கட்கிழமை.

இதில் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் கடைமடைக்கு வாழ்க்கைப்பட்டவள். பிறந்தது மேல்மடையில். என் அப்பா ஆறுச்சாமியின் தென்னந்தோப்பை ஒட்டித்தான் அதே கால்வாய் போகிறது.

குமரேசன் மேளம் போடுவான்

குமரேசன் எங்கள் ஊர் ஸ்டுடியோக்காரன். கல்யாண வீடியோ எடுப்பவன். முதலில் அவனிடம் பெரிய கேசட் போடும் பழைய மெஷின் இருந்தது. எடுத்த படத்தின் மேல் பிறகு வேறு சத்தத்தை ஏற்றினால் அதில் பழைய சத்தம் அழிந்துவிடும்.

அந்த வித்தையை அவன் எங்கள் ஊருக்கு ஒரு கல்யாணத்தில் காட்டினான். பந்தியில் பாயசம் எட்டவில்லை என்று மாப்பிள்ளை வீட்டாருக்கும் பெண் வீட்டாருக்கும் பெரிய சண்டை. அத்தனையும் கேமராவில். கேசட் வந்தபோது பார்த்தால், சித்தப்பா கையை நீட்டிக் கத்துகிறார், வாயிலிருந்து நாதஸ்வரம் வருகிறது. ஊரே கூடிப் பார்த்துச் சிரித்தது.

அதிலிருந்து எங்கள் ஊரில் யாரும் குமரேசன் கேமரா முன்னால் வாயை அடக்குவதில்லை. புறணி பேசுவார்கள், மாமியாரைத் திட்டுவார்கள். "பேசு பேசு, குமரேசு மேளத்தப் போட்டு மூடிப்போடுவான்" என்பார்கள். கேமரா படத்துக்குத்தான், சத்தம் அவன் தருவது என்று எங்களுக்குப் பழகிவிட்டது.

அவன் அப்போதுதான் சின்ன டேப் போடும் புதுக் கேமரா வாங்கியிருந்தான். அதோடு வந்த புத்தகம் முழுக்க இங்கிலீஷ். அதைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்திருந்தான்.

"கால்வாயெ மேல இருந்து கீழ வரைக்கும் நடந்து எடுத்துப்போடலாமுங்க. அதுக்கு மேல நல்ல மலையாளத்துல ஆராச்சும் வெவரஞ் சொன்னாப் போதும்" என்றான். ஆள் யார்? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு மலையாளம் எழுதப் படிக்க வராது. தமிழ்ப் பள்ளியில் படித்தவள். ஆனால் பேச்சு வரும். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருடம் ஒரு ஜவுளிக் கடையில் நின்றதில் வந்தது. அந்த மலையாளத்தில் எனக்குக் கர்வம் உண்டு. இன்றைக்கும் உண்டு. ஒளிப்பானேன்.

படம் எடுக்க நடந்த அன்று நான் போகவில்லை. காலில் முள் குத்திவிட்டது என்று சொன்னேன். குத்தியது முள் இல்லை. மேல்மடைக் கரையில் கேமராவோடு நடந்தால் அப்பா பார்த்துவிடுவாரே என்ற பயம். நங்கையாவும் என் கணவரும் குமரேசனோடு போனார்கள். விடிந்ததும் கிளம்பியவர்கள் பொழுது சாயத்தான் வந்தார்கள். கரையெங்கும் பதினேழு ஓஸ்கள், பதினேழையும் எடுத்தாயிற்று என்றார்கள்.

தாவணிக் கிழிசல்

மறுநாள் படத்தைப் போட்டுப் பார்த்து நான் விவரம் எழுத வேண்டும். கணவர் சத்தத்தை முழுக்கக் குறைத்து வைத்தார்.

"ஏனுங்க, சத்தம் வேண்டாமா?"

"அக்கா வழி நெடுக ஆபீசரெத் திட்டீட்டு வந்துச்சு. அதெல்லாம் உனக்கெதுக்கு? எப்படியும் அழியப் போவுது. நீ படத்தெப் பாத்து எழுது" என்றார்.

எழுதினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஓஸ்கள் வந்தன. பன்னிரண்டாவது ஓஸ் வந்தபோது பேனா நின்றது.

கரையில் இருந்த கல்லோடு அந்த ஓஸைச் சேர்த்துக் கட்டியிருந்தது ஒரு கத்தரிப்பூ நிறத் துணி. ஓரத்தில் வெள்ளைப் பூ. என் தாவணி. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று நான் கட்டியிருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அம்மா அதைக் கிழித்துக் கட்டுத் துணியாக வைத்திருப்பாள் போலிருக்கிறது.

அப்பாவின் கிணறு அந்த வருடம் வற்றிவிட்டது என்று எனக்குத் தெரியும். அவர் ஓஸ் போடுவார் என்று தெரியாது. ஓரக்கண்ணால் கணவரைப் பார்த்தேன். அவர் மூட்டையில் ஒட்டியிருந்த நெல்லைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மற்ற ஓஸ்களுக்கெல்லாம் "இதா ஒரு பைப்பு" என்று எண்ணிக்கை சொன்னவள், அந்த இடத்துக்கு மட்டும் கால்வாயின் வரலாறு எழுதினேன். யார் வெட்டினார்கள், எத்தனை ஊருக்குச் சோறு போட்டது என்று ஒரு நீளப் பாட்டு. பன்னிரண்டாவது ஓஸ் அந்த வரலாற்றுக்குள் முங்கிவிட்டது. மொத்தக் கணக்கைப் பதினாறு என்று முடித்தேன். பிறந்த வீட்டுக்கு நான் போட்ட மேளம் அது.

மயில்களோடு மல்லுக்கட்டி மூன்று பகலில் பேசி முடித்தேன். போட்டுப் பார்த்தால் என் குரலே வரவில்லை. குமரேசன் அரை மணி நேரம் எதை எதையோ அமுக்கினான். திடீரென்று என் குரல் கணீரென்று வந்தது. நங்கையாவின் சத்தம் துளியும் இல்லை.

"புது மெசினுங்க. கொஞ்சம் மொரண்டு புடிக்குது" என்று சொல்லிவிட்டு அணைத்து உறைக்குள் வைத்தான்.

திங்கட்கிழமை

ஆபீஸ் மாடியில் கூட்டம். இடது பக்கம் நாங்கள், வலது பக்கம் மேல்மடைக்காரர்கள். இரண்டாவது வரிசையில் வெள்ளைச் சட்டையில் என் அப்பா. என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். நான் குனிந்துகொண்டேன்.

எஞ்சினியர் ஒரு பெண். மலையாளி. கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். டி.வி.யை மேசையில் வைத்து குமரேசன் ஒயர்களைச் செருகினான். நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் மலையாளத்தை ஊரே கேட்கப் போகிறதே.

படம் வந்தது. முதலில் செருப்பு தேய்கிற சத்தம். பிறகு,

"ஏண்டா குமரேசு, ஓடுதா அது? செவப்பு லைட்டு எரியுது?"

நங்கையா. டி.வி.யில் நங்கையா. நிஜ நங்கையா என் பக்கத்தில் உட்கார்ந்து என் தொடையைக் கிள்ளினாள்.

"அந்த எஞ்சினியரம்மா ஜீப்பெ உட்டு எறங்குனாத்தான இதெல்லாம் தெரியும்? எறங்குனா சீலைக்கரையில சேறு ஒட்டிக்குமல்லொ."

கூடத்தில் சிரிப்பு வெடித்தது. குமரேசன் முகம் வெளிறி எல்லாப் பொத்தானையும் அமுக்கினான். எதற்கும் அசையவில்லை. மேடம் கையை உயர்த்தினார்.

"நிர்த்தண்ட. ஓடட்டெ. எனக்குத் தமிழ் மனசிலாகும்" என்றார். நிறுத்த வேண்டாம், தமிழ் புரியும் என்று அர்த்தம். தம் சேலைக்கரையை ஒரு தரம் குனிந்து பார்த்துக்கொண்டார்.

ஓடியது. நங்கையா ஓஸ்களை எண்ணிக்கொண்டே போனாள். பத்து. பதினொன்று. கத்தரிப்பூ நிறம் திரையில் வந்தது.

"நிறுத்துடா. கேமராவெ அக்கட்டால திருப்பு."

"ஏனுங்கக்கா?"

"இது ஆறுச்சாமி மாமனோட ஓஸு. துணியெப் பாரு. நம்ம மல்லிகாளெப் பாக்கப் போனன்னிக்கு அது இந்தத் தாவணிதான் கட்டியிருந்துச்சு. பொறந்த ஊட்டெ நாமளே காட்டிக் குடுத்துப் போட்டா, அந்தப் புள்ளெ எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நோம்பி விசேசத்துக்கு அங்கெ போவும்?"

"எடுத்தாச்சுங்களே அக்கா. அந்தக்காதான் படத்து மேல பேசப் போவுது, பாத்துரும்."

பிறகு என் கணவரின் குரல். "அவளுக்குத் தெரிய வேண்டாம்டா. துணிதான, கவனிக்க மாட்டா. நான் சத்தத்தெக் கொறச்சு வெச்சுக்கறேன்."

எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு அந்த ஓஸ் யாருடையது என்று தெரியும். நான் அவர்களிடமிருந்து மறைத்தேன். அவர்கள் என்னிடமிருந்து மறைத்தார்கள். இப்போது ஜில்லாவுக்கே தெரிந்துவிட்டது.

வலது பக்கத்திலிருந்து ஒருவர் துள்ளி எழுந்தார். "கேட்டீங்களா மேடம்! சொந்தக்காரன் ஓஸெ மறைக்கறாங்க. வேண்டாதவங்கள மாட்டறதுக்கு எடுத்த படம் இது. மத்த ஓஸெல்லாம் இவங்களே கொண்டுபோய்ப் போட்டு எடுத்திருப்பாங்க!"

அவர் பக்கம் முழுக்க "ஆமா, ஆமா" என்றது. மேடம் பேனாவை மூடிவிட்டு எங்கள் பக்கம் பார்த்தார். அந்தப் பார்வையில் எங்கள் நாற்று முழுசும் கருகியது. இந்த ஒரு படம்தான் எங்களிடம் இருந்த சாட்சி. அதைப் பொய் என்று எழுதிவிட்டால் நாற்பது வீட்டுக்கும் இரண்டாம் போகம் கிடையாது.

என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்தேன். மூன்று நாள் மனப்பாடம் செய்த மலையாளத்தில் ஒரு சொல் வரவில்லை. ஆனால் கோபம் வந்துவிட்டால் எனக்குக் குரல் நடுங்காது.

"அது எங்கப்பனோட ஓஸுதானுங்க" என்றேன், தமிழில். "அதெக் கட்டியிருக்கறது என்னோட தாவணி. இவங்க மறைச்சாங்க. நானும் மறைச்சனுங்க. மறைச்சதுதான் தப்பு. ஆனா படத்துல இருக்கறது பூராவும் நெசமுங்க. எங்கப்பன் ஓஸு நெசம்னா மத்த பதினாறும் நெசந்தானுங்க."

சொல்லிவிட்டு அப்பாவைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் நின்றேன்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அப்பா எழுந்திருந்தார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். பெரிய ஆட்கள் முன்னால் பேசும்போது அப்படிச் செய்வார்.

"எழுதிக்கங்க மேடம். மொதப் பேரு எம் பேரு. ஆறுச்சாமி. ஒரு ஓஸு. எம் மக சொன்னது நெசம்."

பிறகு தம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். "மத்த பதினாறும் ஆருதுன்னு நீங்களாச் சொல்றீங்களா, நாஞ் சொல்லட்டுமா?"

மேடம் பேனாவைத் திறந்தார். ஒருவர் எழுந்தார். துள்ளியவர் கொஞ்சம் பொறுத்து எழுந்தார். பதினேழு பேருடைய பெயரும் குறிப்பில் ஏறியது.

எத்தனையோ மேடையில் பிறகு நான் பேசிவிட்டேன். மாலை போட்டார்கள், சால்வை போட்டார்கள். அப்பா எழுந்து நின்று அந்தப் பொத்தானைப் போட்டபோது எனக்கு வந்த பெருமை எதிலும் வரவில்லை. நான் அவர் மகள் என்று அந்தக் கூடத்துச் சுவருக்குக்கூடச் சொல்ல வேண்டும் போல் இருந்தது.

ரெண்டு சத்தம்

என்ன நடந்தது என்று குமரேசன் அன்று சாயங்காலமே ஸ்டுடியோ அலமாரியைத் திறந்து, அந்தப் புத்தகத்தைப் பிரித்து, கல்லூரிக்குப் போகும் தங்கையிடம் படித்துக் காட்டச் சொல்லித் தெரிந்துகொண்டான். புதுக் கேமரா பழைய சத்தத்தை அழிக்காதாம். முதலில் பிடித்த சத்தம் தனியாக இருக்கும், பிறகு பேசியது தனியாகச் சேரும். எதைக் கேட்க வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும். ஒரு தடவை அணைத்துவிட்டால் அது மறுபடியும் முதல் சத்தத்துக்கே போய்விடும்.

மறுநாள் வந்து என் மலையாளத்தைப் போட்டுக் காட்டினான். நாங்கள் நான்கு பேரும் கேட்டோம். உள்ளதைச் சொல்கிறேன், நன்றாகத்தான் பேசியிருக்கிறேன். பன்னிரண்டாவது ஓஸ் வந்தது. என் குரல் கால்வாய் வரலாற்றை விஸ்தாரமாகச் சொல்லத் தொடங்கியது.

நங்கையா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இதுக்குத்தானா அம்மணி ராசா காலத்துக் கதையெல்லாம்?" என்றாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவே இல்லை. அதுவரை அவளுக்கும் எனக்கும் அப்படி ஒரு பழக்கம் இருந்ததில்லை.

வெள்ளிக்கிழமை

அந்த வாரத்திலேயே மேடம் ஜீப்பை விட்டு இறங்கி, கரை நெடுக நடந்தே வந்தார். முதலில் எடுத்தது அப்பாவின் ஓஸ். அப்பாவே அவிழ்த்துச் சுருட்டி வைத்தாராம்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தண்ணீர் வந்தது. முன்னால் சருகும் நுரையுமாகத் தள்ளிக்கொண்டு, வெடிப்புக்குள் இறங்கி இறங்கி, மெதுவாக வந்தது. பெண்கள் குலவையிட்டோம். என் கணவர் வரப்பில் உட்கார்ந்து அழுதார். கேட்டால் இப்போதும் இல்லை என்பார்.

மதியம் வீட்டுக்கு வந்தபோது போன் அடித்துக்கொண்டிருந்தது. அந்த நான்கு நாளும் அப்பா என்னோடு பேசியிருக்கவில்லை. நானும் கூப்பிடவில்லை.

"அம்மணி, தண்ணி வந்துருச்சா?"

"வந்துருச்சுங்கப்பா. கடைசி மடை வரைக்கும்."

"ஆராச்சும் சொன்னாங்களா, நீயே பாத்தயா?"

"நான் நின்னு பாத்துட்டுத்தாங்கப்பா வர்றேன். காலெல்லாம் சேறா இருக்குது."

"அப்பச் செரி. மாப்பிளையெ நாளைக்கே நடவெ வெச்சுக்கச் சொல்லு" என்று வைத்துவிட்டார்.

தோப்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க அங்கே தண்ணீர் காணாமல் தென்னங்குரும்பை பிஞ்சிலேயே உதிர்ந்துகொண்டிருந்தது என்று, அறுவடையெல்லாம் முடிந்த பிறகு, அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.